மூன்று வருஷம், இரண்டு கத்தி, ஒரு தோல் உறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை (எண்ணெய்ப்பனை) நர்சரியில் எனக்கு வேலை. காலையில் பசியாறிவிட்டு வந்ததும் இடுப்பில் ஒரு சின்னக் கத்தியை மாட்டிக்கொள்வேன். இப்போது இருப்பது இரண்டாவது.

ஆரம்பத்தில் மடக்குக் கத்திதான். கீலுக்குள் மண் புகுந்துவிட்டால் ஈரக்கையால் திறக்கவே முடியாது. நடவு நாளில் ஒவ்வொரு கன்றும் வளரும் பிளாஸ்டிக் பையை, அதாவது பாலிபேக்கை, கீறி உரிக்க வேண்டும். எங்கள் இடைவெளியில் ஹெக்டருக்கு 136 கன்று. இத்தனை முறை யார் மடக்கித் திறப்பது?

அதனால் சுவீடனின் மோரா கத்தி வாங்கினேன், மடங்காதது. கார்பன் எஃகு, அலகு சுமார் 10 செ.மீ. அதைவிடப் பெரிசு தேவைப்பட்டதே இல்லை. தடித்த மட்டையை வெட்டத்தான் பாராங் என்ற பெரிய வெட்டுக்கத்தி இருக்கிறதே. ஆனால் கூட வந்த பிளாஸ்டிக் உறை எனக்குப் பிடிக்கவில்லை. ஆசையாகத் தோல் உறை தைத்துக்கொண்டேன். வினையே அங்கேதான்.

அந்த வாரம் முழுக்கச் சிவப்பு உர மூட்டை பிரித்தோம். அது பொட்டாசியம் குளோரைடு, அதாவது ஒருவகை உப்பு. தூளும் வியர்வையும் தோலில் ஊறிவிட்டன. ஞாயிறு தாண்டி உருவிப் பார்த்தால் அலகெல்லாம் துரு. தேய்த்த பிறகும் கருப்புக் குழிகள் போகவில்லை. மண்டோர் (கங்காணி) அண்ணன் பார்த்துவிட்டு, "ஈரத் துணியில சுத்தி வெச்ச மாதிரி வெச்சிருக்கியே தம்பி" என்றார்.

இரண்டாவது அதே மோராவில் ஸ்டெயின்லெஸ். 12C27 என்ற எஃகு, குரோமியம் 13.5 சதவீதம். உறை பிளாஸ்டிக்; அடியில் ஓட்டை இருப்பதால் கழுவினால் தண்ணீர் நிற்காது. ஸ்டெயின்லெஸ்தானே என்று சும்மா விடவும் முடியாது, குளோரைடு அதையும் குழி போடும். சாயங்காலம் கத்தியையும் உறையையும் குழாயடியில் அலசி, துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன். இரண்டு வருஷத்தில் பிடியருகே இரண்டு புள்ளிதான் விழுந்திருக்கிறது.

கூர் மழுங்குவதற்குக் காரணம் பாலிபேக்கின் பிளாஸ்டிக் இல்லை, உள்ளே இருக்கும் மண். நுனியை மட்டும் உள்ளே விட்டு, கூர்ப்பக்கத்தை வெளியே திருப்பி மேலே இழுத்தால் மண்ணில் முதுகுதான் உரசும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது! தீட்டுவது சுலபம். அலகின் சரிவு அகலமானது, அப்படியே கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் போதும். கார்பன் கொஞ்சம் சீக்கிரம் கூராகும், அவ்வளவுதான்.

வேலை முடிந்ததும் கத்தி ஸ்டோர் ஆணியில் தொங்கும். பொது இடத்தில் தகுந்த காரணமில்லாமல் ஆயுதம் வைத்திருப்பதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. போலீஸ் நிறுத்திக் கேட்டால் நர்சரிக் கதை சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. ஒருநாள் மறந்துபோய் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு ஒட்டுக்கடைக்குப் போய்விட்டேன். தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "என்னண்ணே, பன்னி வேட்டையா?" என்று கேட்டார்.

பழைய கார்பன் கத்தி இப்போது வீட்டில் பலாப்பழம் வெட்டுகிறது. அதற்கும் எண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும், பால் ஒட்டாமல் இருக்க.