ஐ-20 நீட்டிப்புக்கு ஏஜென்டிடம் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படிக்கும் பிள்ளைகளும், ஊரிலிருந்து செலவுக்கு அனுப்பும் பெற்றோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். டெக்சாஸில் எம்.எஸ். படிக்கும் என் தம்பியை, அவனுக்கு அட்மிஷன் வாங்கிக் கொடுத்த சென்னை கன்சல்டன்சியே ஏமாற்றிவிட்டது.

படிப்பு எந்தத் தேதியில் முடியும் என்று குறித்துப் பல்கலைக்கழகம் தரும் படிவம்தான் ஐ-20. அவனுடைய ஐ-20 மே மாதம் முடிய இருந்தது. லேபில் கருவி பழுதாகி, தீசிஸ் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. கன்சல்டன்சியில் கேட்டிருக்கிறான். "பாஸ்போர்ட்டில் விசா 2028 வரைக்கும் இருக்கே தம்பி, பயப்படாதே. ஐ-20 நீட்டிப்பை நாங்களே போட்டுத் தர்றோம். நீ நேரா இன்டர்நேஷனல் ஆபீஸுக்குப் போனா, படிப்புல பின்தங்கினவன்னு ஃபைல்ல ஏறிடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பாவிடம் 45,000 ரூபாய் வாங்கினார்கள். அப்புறம் "அப்ளை பண்ணியாச்சு" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி, அவ்வளவுதான்.

அவர்கள் எதையும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. ஐ-20 தேதியை, வெளிநாட்டு மாணவர் விவரங்களை வைத்திருக்கும் செவிஸ் என்ற அமெரிக்க அரசுக் கணினியில் நீட்டிப்பது பல்கலைக்கழகத்தில் இருக்கும் டிஎஸ்ஓ என்ற அதிகாரி. ஆய்வில் எதிர்பாராத சிக்கல், மருத்துவச் சான்றுள்ள நோய் இவையெல்லாம் விதியிலேயே ஏற்கப்பட்ட காரணங்கள். பேராசிரியரின் கடிதம், செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் இவற்றோடு போய்க் கேட்கலாம். ஆனால் ஐ-20 முடிவதற்கு முன்பே கேட்டாக வேண்டும். நியாயமான காரணம் கையில் இருந்த பையனைப் பயம் காட்டி அந்தக் கதவுக்கே போகவிடாமல் செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விசா முத்திரை நாட்டுக்குள் நுழைவதற்கு. உள்ளே தங்குவது ஐ-20 தேதியைப் பொறுத்தது. முத்திரை 2028 வரை இருந்தாலும், ஐ-20 முடிந்தால், மாணவராகச் சட்டப்படி தங்கும் அந்தஸ்து போய்விடும். நாட்டைவிட்டுக் கிளம்ப 60 நாள் அவகாசம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது படிப்பை முடித்தவர்களுக்கு. தீசிஸ் பாக்கி இருப்பவனுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது.

கேம்பஸ் வேலைச் சம்பளம் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. இப்போது ஐ-539 படிவத்தில், இழந்த அந்தஸ்தைத் திரும்பக் கேட்டு குடியேற்றத் துறைக்கு விண்ணப்பித்திருக்கிறான். பொதுவாக 5 மாதத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். கிடைக்கும் என்று உறுதி இல்லை. முடிவு வரும்வரை கேம்பஸிலும் வேலை பார்க்கக் கூடாது. வக்கீல் செலவு வேறு. படிப்புக்குப் பிந்தைய ஓபிடி வேலை அனுமதியும் இதில் தொங்குகிறது.

இன்னொன்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, மாணவர்கள் தங்கும் காலத்துக்கு அதிகபட்சம் 4 ஆண்டு என்று வரம்பு வைக்கவும், 60 நாள் அவகாசத்தை 30 ஆக்கவும் முன்மொழிந்தது. அதைக் காட்டியே இதே ஆட்கள் இப்போது "நீட்டிப்பு பேக்கேஜ்" விற்கிறார்கள். அந்த முன்மொழிவின்படி பார்த்தாலும், கூடுதல் காலம் வேண்டுமென்றால் குடியேற்றத் துறையிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஏஜென்டுக்கு அதிலும் எந்த அதிகாரமும் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "அது ஆலோசனைக் கட்டணம்" என்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் கொடுக்கலாம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.