கற்பனை நகரத்துக்கு ஒரு தாதா: காஸ்டெல்லோவா, ஜெனோவீஸா?

1940, 50-களின் அமெரிக்காவை மனதில் வைத்து ஒரு கற்பனை நகரத்தைக் கட்டி, அதில் நாவலோ வீடியோ கேமோ அமைக்கிறவர்களுக்கு முன்மாதிரியாக இரண்டு பேர் கிடைக்கிறார்கள். ஃபிராங்க் காஸ்டெல்லோ, வீட்டோ ஜெனோவீஸ். இருவரும் நியூயார்க் மாஃபியா தலைவர் லக்கி லூசியானோவின் கீழ் வளர்ந்தவர்கள், பிறகு அவருடைய நாற்காலிக்கே மோதிக்கொண்டவர்கள். இத்தாலியில் பிறப்பு, மதுவிலக்குக் காலத்துச் சம்பாத்தியம் என்று பொதுவானவை நிறைய. அதையெல்லாம் விட்டுவிடலாம். நான் தேர்ந்தெடுப்பது காஸ்டெல்லோவை.

முதல் பார்வையில் ஜெனோவீஸ்தான் எடுப்பாகத் தெரிவார். 1934-இல் நடந்த ஒரு கொலை வழக்குக்குப் பயந்து 1937-இல் இத்தாலிக்கு ஓடினார். அங்கே முசோலினி ஆட்சிக்கு நெருக்கமானார். அமெரிக்கப் படை வந்திறங்கியதும் அதே படைக்கு மொழிபெயர்ப்பாளராக மாறினார். 1944-இல் கள்ளச்சந்தை விவகாரத்தில் பிடிபட்டு, 1945-இல் நியூயார்க்குக்குக் கொண்டுவரப்பட்டார். ஆனால் அதற்குள் முக்கிய சாட்சி பீட்டர் லாடெம்பா காவலில் இருக்கும்போதே விஷத்தால் இறந்துபோயிருந்தார். 1946-இல் வழக்கு விழுந்தது. கதைக்காரருக்கு இது வெட்டித் தைத்த சட்டை மாதிரி.

ஆனால் அவர் கையில் இருப்பது பயம் என்ற ஒரே ஆயுதம். அது ஆளை அடக்கும், நகரத்தை நடத்தாது. மூன்றாவது அத்தியாயத்திலிருந்து ஒவ்வொரு சிக்கலுக்கும் ஒரு பிணம் விழ வேண்டியிருக்கும். நகரம் பின்னணிப் படுதாவாகச் சுருங்கிவிடும்.

காஸ்டெல்லோ வேறு ரகம். 1915-இல் துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறை போனவர். அதன்பின் துப்பாக்கியே தொடவில்லை என்பார்கள். அவருடைய பலம் அனுமதியில் இருந்தது, அந்த அனுமதியைத் தினமும் பராமரிக்க வேண்டியிருந்தது. என் தேர்வைத் தீர்மானிப்பது இந்தப் பராமரிப்புதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

அவருடைய ஸ்லாட் மெஷின் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். காசு போட்டால் ஒரு சின்னப் பாக்கெட் புதினா மிட்டாயும் விழும். அதைக் காட்டி, ‘இது சூதாட்ட மெஷின் அல்ல, மிட்டாய் விற்கும் மெஷின்’ என்று சட்டத்துக்குப் பதில் சொல்லலாம். 1934-இல் நியூயார்க் மேயராக லா கார்டியா வந்தார். சம்மட்டியால் மெஷின்களை உடைத்துக் காட்டினார், மொத்தமாக நீரில் கொட்ட வைத்தார். காஸ்டெல்லோ சண்டைக்கு நிற்கவில்லை. மெஷின்களை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார். லூசியானாவில் செனட்டர் ஹியூயி லாங்குடன் பேசித்தான் இதை ஏற்பாடு செய்ததாகப் பின்னால் அவரே சாட்சியம் சொன்னார். மெஷின் அதேதான், மாறியது அனுமதி தருகிற ஆள் மட்டும். ஆகவே உங்கள் நகரத்துக்கு வரைபடம் போடும் முன்பு, அங்கே அனுமதி யார் கையில் இருக்கிறது, அவர் பதவி எப்போது முடிகிறது என்பதை முடிவு செய்யுங்கள். தேர்தல் தேதியே கதையை நகர்த்தும்.

அடுத்த படி நீதிமன்றம். நியூயார்க் மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் தேர்தலில் வருகிறவர்கள். கட்சியின் வேட்புமனு கிடைத்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. 1943-இல் வேட்பாளரான தாமஸ் ஆரேலியோ தொலைபேசியில் காஸ்டெல்லோவைக் கூப்பிட்டு, வேட்புமனு கிடைத்ததற்கு நன்றி சொன்னார். அந்த இணைப்பை அரசு வழக்கறிஞர் ஹோகனின் ஆட்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார்கள். செய்தி வெடித்தது, கட்சிகள் கைகழுவின. ஆனாலும் வாக்குச்சீட்டிலிருந்து பெயரை எடுக்க முடியவில்லை, ஆரேலியோ ஜெயித்து நீதிபதியும் ஆனார். ஒரு தொலைபேசி உரையாடலில் எவ்வளவு வேலை நடக்கிறது பாருங்கள்! தாதாவின் செல்வாக்கு வெளிப்படுகிறது, அவருடைய பலவீனமும் அதே இடத்தில் வெளிப்படுகிறது. இதற்கு ஈடான காட்சி ஜெனோவீஸ் பக்கத்தில் எனக்குத் தென்படவில்லை.

இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்பதும் தெளிவாகத் தெரிகிறது. அரசியல்வாதிக்கு மறைவு வேண்டும். 1951 மார்ச்சில், குற்றக் கும்பல்களை விசாரித்த செனட்டின் கெஃபாவர் குழுவின் விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. முகத்தைக் காட்டக்கூடாது என்று காஸ்டெல்லோ கேட்டுக்கொண்டதால் கேமரா அவருடைய கைகளைக் காட்டியது. விரல்களின் பதற்றத்தை நாடே பார்த்தது. நடுவில் எழுந்து வெளியேறியதற்காக 18 மாதத் தண்டனை. அதே அக்டோபரில் அவருக்கு ஆள்பலமாக இருந்த வில்லி மொரெட்டி சுட்டுக் கொல்லப்பட்டார். 1954-இல் வருமான வரி வழக்கு. காட்டிய வருமானத்துக்கும் செய்த செலவுக்கும் பொருந்தவில்லை என்று நிறுவ அரசு 144 சாட்சிகளையும் 368 ஆவணங்களையும் கொண்டுவந்தது. மறைவு, ஆள்பலம், பணம் என்று மூன்று தூண்கள் வரிசையாகச் சரிகின்றன. நாவலின் பிற்பாதிக்கு இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1957 மே 2 இரவு, சென்ட்ரல் பார்க் வெஸ்டில் அவர் குடியிருந்த கட்டட முகப்பில் ஜெனோவீஸின் ஆள் வின்சென்ட் ஜிகான்டே சுட்டார் என்பது வழக்கு. குண்டு தலையை உரசிக்கொண்டு போனது. சுட்டது யார் என்று காஸ்டெல்லோ கடைசிவரை சொல்லவில்லை, ஜிகான்டே விடுதலையானார். ஆனால் மருத்துவமனையில் போலீஸார் சட்டைப்பையைத் துழாவியபோது 6,51,284 டாலர் என்று எழுதிய துண்டுச்சீட்டு கிடைத்தது. லாஸ் வேகாஸ் டிராபிகானா சூதாட்ட விடுதியின் வரவுக் கணக்கு அது. குண்டைவிட அந்தச் சீட்டுத்தான் அதிகம் காயப்படுத்தியது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஜெனோவீஸுக்கு விட்டுக்கொடுக்கிறேன். கதை 1957-க்குப் பிறகு நடக்கிறதென்றால் அவரை எடுப்பதே சரி. காஸ்டெல்லோ தலைமையிலிருந்து ஒதுங்கிவிட்டார், வரி வழக்குச் சிறை முடிந்தபின் 1973 வரை அமைதியாக வாழ்ந்தார். அங்கே நாடகம் இல்லை. ஜெனோவீஸுக்கோ அந்த 1957 நவம்பர் 14-ஆம் தேதியே, அபலாச்சின் என்ற ஊரில் நடந்த மாஃபியா தலைவர்கள் கூட்டத்தில் போலீஸ் குறுக்கிட்டது. 1959-இல் போதைப்பொருள் வழக்கில் 15 ஆண்டு. எதிரிகள் சேர்ந்து மாட்டிவிட்டார்கள் என்றொரு பேச்சு உண்டு. கதைத் திருப்பமாக அதை வைத்துக்கொள்ளலாம், வரலாறாக எழுத வேண்டாம். அட்லாண்டா சிறையில் அவர் கூடவே இருந்த அவருடைய கும்பல் ஆள் ஜோ வலாச்சி, ஜெனோவீஸ் தன்னைக் கொல்லச் சொல்லிவிட்டார் என்ற பயத்தில் 1962-இல் வேறொரு கைதியை ஆள் தெரியாமல் அடித்துக் கொன்றார். அடுத்த ஆண்டு செனட் குழுவின் முன் உட்கார்ந்து கும்பலின் கதை முழுவதையும் சொன்னார்.