குண்டுக்குத் தப்பியவர்கள் அடுத்த வேளைக்கு என்ன செய்வார்கள்?

அணுப்போரில் தப்பிப் பிழைத்தவர்களைப் பற்றிய பழைய படம் ஒன்றை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டத் தேடியதில் மூன்று தேறின: 1951-இல் ஆர்ச் ஓபோலர் எடுத்த 'ஃபைவ்', 1959-இல் வந்த 'தி வேர்ல்ட், தி ஃபிளெஷ் அண்ட் தி டெவில்', அதே ஆண்டு வந்த 'ஆன் தி பீச்'. நான் போட்டது 'ஃபைவ்'.

நட்சத்திரம், செலவு என்று பார்த்தால் அது மற்ற இரண்டின் பக்கத்தில்கூட வராது. 'ஆன் தி பீச்'சில் கிரெகரி பெக்கும் அவா கார்ட்னரும் இருக்கிறார்கள். இன்னொன்றில் ஹாரி பெலஃபான்டே ஆளரவமற்ற நியூயார்க் தெருக்களில் ஒண்டியாக நடப்பது இன்றும் வயிற்றைக் கலக்கும். (அந்த சினிமாஸ்கோப் அகலத்தை நான் லேப்டாப்பில்தான் பார்த்தேன். பெரிய திரையில் பார்த்தவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.) 'ஃபைவ்' பெரும்பாலும் இயக்குநரின் சொந்த இடத்திலேயே எடுத்த படம். கலிஃபோர்னியாவின் மாலிபு மலைமேல், பேர்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த கட்டடம் அது. வானொலி நாடகத்திலிருந்து வந்தவர் ஓபோலர். வசனம் சில இடங்களில் பிரசங்கமாகிவிடுகிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்றுதான்: தப்பித்தாயிற்று, சாப்பாட்டுக்கு என்ன வழி? சுரங்கத்துக்குள் சிக்கியதால் பிழைத்த பெலஃபான்டே, நகரத்துக்கு வந்து கட்டடத்துக்கு மின்சாரமே கொண்டுவந்துவிடுகிறார். பசிக்குக் கடைகள் இருக்கின்றன. தெருவில் ஒரு பிணம்கூடக் கண்ணில் படுவதில்லை. 'ஆன் தி பீச்'சின் மெல்போர்னில் இந்தக் கேள்வியே எழாது. கதிர்வீச்சு தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கிறது, எல்லாரும் சாகப்போகிறார்கள்.

'ஃபைவ்'வில்தான் மண்ணைக் கொத்துகிறார்கள். தப்பியவர்களில் மைக்கேலும், சார்ல்ஸ் என்ற கறுப்பினத்தவரும் பயிர் வைக்கிறார்கள். பிறகு வந்து சேரும் எரிக், மலையேறும் வீரன். சார்ல்ஸோடு சேர்ந்து வாழப் பிடிக்காதவன். அவன் ஒருநாள் ஜீப்பை அந்தப் பயிர்மேல் ஏற்றி ஓட்டுகிறான். பின்னால் கொலையும் செய்கிறான். ஆனாலும் என்னைப் பதறவைத்தது அந்த ஜீப்தான். மனித இனமே ஐந்து பேராகச் சுருங்கியிருக்கிறது, தன் வாய்க்கும் சேர்த்து வளரும் சோற்றை வெறுப்பில் மிதிக்கிறான் ஒருவன்.

பெலஃபான்டே படத்திலும் நிறவெறி உண்டு. அதில் தப்பிய வெள்ளைக்காரப் பெண் சாராவின் பிறந்தநாளில், கறுப்பினத்தவனான நாயகன் (பெலஃபான்டே) அவளுக்குப் பரிமாறுகிறான், கூட உட்கார மாட்டேன் என்கிறான். அருமையான காட்சி. ஆனால் துப்பாக்கியோடு ஒருவரையொருவர் துரத்திக்கொண்ட இரண்டு ஆண்களும் (அவனும், பிறகு வந்து சேரும் இன்னொருவனும்) கடைசியில் அவளோடு கைகோத்து நடந்துபோவதை என்னால் நம்ப முடியவில்லை. அந்தப் படத்தைத்தான் பார்ப்பேன் என்பவர்கள், மூன்றாம் ஆள் படகில் வந்து சேரும்வரை பார்த்தால் போதும்.