அம்புக்குறி இல்லாத ஊரில் 20 வருஷம்

2005-இல் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய சிடி அது. மேலே மார்க்கரில் கிறுக்கியிருந்த பெயர்கூடப் புரியவில்லை. "சூப்பர் கேம்பா, எட்த்துனு போ" என்றார் கடைக்காரர். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டில் இருந்த பென்டியம் 4, 256 எம்பி ராமை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கியபடி அதை ஓட்டியது. பெதெஸ்டா என்ற கேம் கம்பெனி 2002-இல் வெளியிட்ட மாரோவிண்ட். அன்று தொட்டதை இன்னும் விடவில்லை. பிற்பாடு காசு கொடுத்து ஒழுங்காக வாங்கி, இப்போது ஓபன்எம்டபிள்யூ என்ற, அதே கேமை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டும் இலவச மென்பொருளில் ஆடுகிறேன்.

இதில் வழிகாட்டத் திரையில் எந்த அம்புக்குறியும் வராது. கேமுக்குள் நமக்கு வேலை சொல்பவர் வழியையும் வாயாலேயே சொல்வார். அதைப் படித்துப் புரிந்துகொண்டு நடக்க வேண்டும். முதல் சில வேலைகளில் ஒன்று, ஆர்க்ங்தாண்ட் என்ற இடிபாட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வருவது. எனக்கு அப்போது இங்கிலீஷ் தகராறு. டிக்‌ஷனரியைப் புரட்டி ஒரு 40 பக்க நோட்டில் எழுதினேன்: "பால்மோரா விட்டு வெளிய வா. மூன்மாத் கோட்டை தாண்டி கிழக்க. பழைய பாலம் வரும், ஏறு." பாலம் ஏறினேன், கதவும் இருந்தது. திறக்கவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் எதிரே நின்ற பைப்பில் ஒரு கைப்பிடி இருப்பதைப் பார்த்தேன். அதைத் திருகினால் கதவு திறக்கிறது! உள்ளே போனால் அந்தப் பெட்டி ஏதோ ஓர் அலமாரித் தட்டில், கண்ணில் படாமல் கிடக்கும். அது தனிக் கொடுமை.

ஊர் விட்டு ஊர் போகவும் நினைத்த இடத்தில் குதித்துவிட முடியாது. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சசப் பூச்சிதான் அங்கே பஸ். அது எல்லா ஊருக்கும் போகாது. பாரிமுனையில் இறங்கி வேறு பஸ் பிடிக்கிற மாதிரி மாறி மாறிப் போக வேண்டும். அதனாலேயே கேம் நடக்கும் அந்தத் தீவு எனக்கு ராயபுரம் சந்துகள் போல மனப்பாடம்.

குறை இல்லாமல் இல்லை. கத்தி எலியின் உடம்புக்குள்ளேயே புகுந்து வெளியே வரும், ஆனால் அடி படவில்லை என்கிறது கேம். உள்ளே பகடை உருட்டிக் கணக்குப் பார்க்கிறது. நடை, ஆமை நடை. கிளிஃப் ரேசர் என்ற பறவைகளின் தொல்லைக்கு யாரைக் கோர்ட்டில் நிறுத்துவது என்று தெரியவில்லை. பழசு எல்லாமே ஆழம் என்பதும் ஏமாற்று. பிரவுசிங் சென்டரில் கூடிக் கூடி ஆடினோமே ப்ராஜெக்ட் ஐஜிஐ, அதில் நடுவில் சேவ் கிடையாது. கரண்ட் போனால் அந்த மிஷனை முதலிலிருந்து ஆட வேண்டும். அதற்கு ஆழம் என்றா பெயர்?

இதே வரிசையில் அடுத்து வந்த ஆப்ளிவியன் (2006) திரையில் தெரியும் காம்பஸில், போக வேண்டிய இடத்துக்குக் குறி வைத்தது. ஸ்கைரிமிலும் (2011) அதேதான். 2013-இலிருந்து ஸ்கைரிம் ஆடுகிறேன். அழகான கேம், சண்டையும் எவ்வளவோ மேல். ஒரு தடவை வீம்புக்கு ஜர்னலில், அதாவது வேலைப் பட்டியலில், டிக்கை எடுத்துவிட்டு, குறி இல்லாமல் ஆடிப் பார்த்தேன். முடியவில்லை. ஏனென்றால் பல இடங்களில் ஆட்கள் வழியே சொல்வதில்லை, "அந்தக் குகைக்குப் போ" என்பதோடு சரி. அம்பு வந்ததும் வழி சொல்லும் பேச்சை எழுத வேண்டிய தேவையே போய்விட்டது. குறியை நான் அணைத்துக்கொள்ளலாம், எழுதாத வசனத்தை எங்கே போய்த் தேடுவது? காசிமேட்டு டீக்கடையில் வழி கேட்டால், "கல்மண்டபத்துல எறங்கி யாரையாவது கேளு" என்றாவது சொல்வார்கள்.

அதற்காகப் புதுசையெல்லாம் ஒரே தட்டில் வைத்துத் திட்டவும் மனசு வரவில்லை. அசாசின்ஸ் கிரீட் ஒடிசி (2018) குறிக்குப் பதில் வாய்வழித் துப்பு தரும் ஒரு முறையை வைத்திருக்கிறது. எல்டன் ரிங் (2022) ஆடியபோது அலமாரியிலிருந்து நோட்டு மறுபடி மேசைக்கு வந்தது; யார் எங்கே நின்றார், என்ன கேட்டார் என்று எழுதாமல் ஓட்ட முடியவில்லை. ஆகவே எதைப் பிடித்துப் பார்ப்பது என்றால் வருஷத்தை அல்ல, அம்பை மறைத்தால் அந்த ஊர் நம்மோடு பேசுகிறதா என்பதைத்தான்.

அக்கா பையன் போன மாதம் லீவுக்கு வந்தான். போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிற பையன். கூட்டாளிகளுக்கு ஹெட்செட்டில் "பின்னாடி பாரு, செவுத்துக்கு லெஃப்ட்ல, மரத்தாண்ட ஒருத்தன்" என்று மூச்சுவிடாமல் வழி சொல்வான். அவனிடம் மாரோவிண்டைப் போட்டுக் கொடுத்தேன்.

"இன்னா மாமா, அம்பே காணோம்?"

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரித்தான். ஊருக்குப் போன பிறகும் அவன் லேப்டாப்பில் ஆடுகிறான். நேற்று ராத்திரி போன். பாலம் ஏறிவிட்டானாம், கதவு திறக்கவில்லையாம். பைப்பைப் பற்றி நோட்டில் நான் எழுதவே இல்லை. போனிலும் சொல்லவில்லை.