வீட்டுத் தோட்டம் போட: கம்பெனியா, நர்சரிக்காரரா?

வீட்டு முன்னால் முந்நூறு, நானூறு சதுர அடி மண் கிடக்கிறது, ஆள் வைத்துத் தோட்டம் போட வேண்டும் என்றால் மதுரையில் இரண்டு வழி. படம் வரைந்து, கொட்டேஷன் கொடுத்து, மொத்தமாக முடித்துத் தரும் லேண்ட்ஸ்கேப் கம்பெனி ஒன்று. அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் செடி விற்கும் நர்சரிக்காரரையே ஆளோடு வரச் சொல்வது இன்னொன்று. வீடு கட்டிய கொத்தனாரிடமே "அப்படியே நாலு செடியும் வச்சிருங்க" என்பது மூன்றாவது வழி. அவர் தொட்டி நன்றாகக் கட்டுவார், அவ்வளவுதான்.

நான் நர்சரிக்காரரைப் பிடித்தேன். என் சகலை கம்பெனியிடம் கொடுத்தார். இரண்டு தோட்டமும் கண்ணெதிரே வளர்வதால் எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை.

கம்பெனி வேலையில் பூச்சு சுத்தமாக இருக்கும், பில் கிடைக்கும், சொன்ன தேதிக்கு முடியும். நர்சரிக்காரர் கேட்டது அதில் பாதிக்கும் குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. கம்பெனிக்காரர் போனில் காட்டிய படம் நிஜமாகவே அழகு. ஆனால் அதில் மதுரை வெயில் இல்லை.

முடிவு செய்ய வேண்டிய இடம் அந்த வெயில்தான். சகலை தோட்டத்தைத் தை பிறந்ததும் போட்டார்கள். பட்டுப்போகும் செடிக்கு மாற்றுச் செடி தருவது மூன்று மாதத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம். தை, மாசி, பங்குனி. கணக்கு சரியாகச் சித்திரை முதல் தேதி முடிந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை குடித்த மண்ணில் தையில் எதை வைத்தாலும் தழையும். கத்திரி வெயிலைத் தாண்டினால்தான் அது தோட்டம். அந்த மூன்று மாதத்துக்குப் பிறகு பராமரிப்புக்கு மாதச் சந்தா தனி. வருகிற பையன் ஒவ்வொரு தடவையும் புது ஆள், எந்தச் செடி எங்கே இருந்தது என்பதே அவனுக்குத் தெரியாது.

அதிலும் புல்தரை. ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நனைக்கவே நூறு சதுர அடிக்கு 9 லிட்டருக்கு மேல் வேண்டும். கோடையில் தினம் ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்தால்கூட 46 லிட்டர், இரண்டு கேன் தண்ணீருக்கும் அதிகம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சொட்டுநீர்க் குழாயின் துளையில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். ஆசிட் விட்டுக் கழுவ ஆள் வேண்டும். வைகையில் தண்ணீர் வருகிற நாட்களை எண்ணும் ஊரில், கொரியன் புல்லை எந்தத் தைரியத்தில் படத்தில் போடுகிறார்கள்?

அதற்குக் காரணம் உண்டு என்று நினைக்கிறேன். கம்பெனிக்குச் சதுர அடிக்கணக்கு, அதனால் புல், கூழாங்கல், பேவர் பிளாக் என்று பரப்பிவிடுவதுதான் லாபம். நர்சரிக்காரருக்குச் செடிக்கணக்கு. அவர் நெருக்கி நடுவார். என் வீட்டில் இரண்டு அரளியும் ஒரு நந்தியாவட்டையும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நிற்கின்றன. "கொஞ்சம் தள்ளி வைங்கண்ணே" என்று கூடவே நின்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆனால் மண் விஷயத்தில் அவரை அடிக்க ஆளில்லை. வந்ததும் செடி பேசவில்லை, கடப்பாரையை வாங்கிக் குத்தினார். அரையடியில் டங்கென்று செங்கல்.

"இது மண்ணு இல்லண்ணே, காரை. ரெண்டடி தோண்டி அள்ளிட்டு செம்மண் கொட்டுனாத்தான் நான் கை வைப்பேன்."

சிமென்ட், சுண்ணாம்பு கலந்த மண்ணில் செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. இட்லிப்பூச் செடியில் அது உடனே தெரியும்: நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாக வெளுக்கும். சகலை வீட்டில் இடிபாட்டின் மேலேயே நாலு அங்குல மண் பரப்பிப் புல்லை ஒட்டியிருந்தார்கள். அங்கே இட்லிப்பூ வரிசை இப்போது அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், நர்சரிக்காரருக்குக் கடை இங்கேயே. மாவுப்பூச்சி வந்த செம்பருத்திக் கிளையை ஒடித்துக்கொண்டுபோய்க் காட்டினால் பதில் கிடைக்கும். கார்த்திகையில் வந்து மல்லியைத் தரையிலிருந்து ஒன்றரையடி விட்டு மொட்டையாக வெட்டிவிட்டுப் போனார். வீட்டில் ஒரே சண்டை. பங்குனியில் மொட்டு வந்ததும் சத்தம் அடங்கியது. கம்பெனி படத்தில் மல்லியே கிடையாது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூ, ஊர் மதுரை, தோட்டத்தில் மட்டும் இல்லை!

அவரிடம் குறையும் உண்டு. எழுத்தில் எதுவும் தர மாட்டார். மழைக்கால விற்பனையில் போன் எடுக்க மாட்டார். அதனால் பணத்தை மூன்றாகப் பிரித்தேன்: மண் கொட்டியதும் ஒன்று, நட்டதும் ஒன்று, வைகாசி கடந்து உயிரோடிருக்கும் செடிகளை எண்ணிப் பார்த்து மிச்சம். கம்பெனியிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் என் வாதத்தில் பாதி அடிபட்டுப்போகும்.

மனை பள்ளமாக இருந்து மழைத்தண்ணீர் வாசலுக்கு வருகிறது, அல்லது திருமங்கலம் பக்கம் போல வெயிலில் வெடித்து மழையில் உப்பும் கரிசல் என்றால் நான் கம்பெனியைத்தான் கூப்பிடுவேன். மட்டம் எடுப்பதும் வடிகால் போடுவதும் நர்சரிக்காரர் வேலை இல்லை. மாடித் தோட்டத்துக்கு என் அனுபவம் போதாது. நான் பார்த்த கம்பெனியும் ஒன்றே ஒன்றுதான், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.