வெள்ளவத்தை இடியப்பக் கடையும் அதன் விலைப்பலகையும்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது இந்தக் கடை. ஆறு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி, கல்லாவுக்குப் பின்னால் விலைப்பலகை. பத்து வருடமாகப் போய் வருகிறேன். காலை ஏழு மணிக்குப் போனால் இடியப்பம் ஆவி பறக்க வரும், சொதியில் தேங்காய்ப்பால் ஒருநாளும் குறைந்ததில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் சமையல் காஸ் இல்லாமல் பக்கத்துக் கடைகள் பூட்டிக் கிடந்தபோதும் கடைக்கார அண்ணை பின்வளவில் விறகடுப்பு மூட்டி அவித்துக் கொடுத்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

குறை என்றால் வடைதான். முன்பு உள்ளங்கையை நிறைக்கும், இப்போது பாதிதான். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்: "விலையைக் கூட்டினா சனம் வராது தம்பி, அதான் அளவைக் குறைச்சன்."

அந்த விலைப்பலகையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதவே தொடங்கினேன். அண்ணை பழைய விலையை அழிப்பதில்லை, அதன் மேலேயே வெள்ளைத் தாள் ஒட்டிப் புது விலை எழுதுவார். பிளேன்டீ வரிசையில் தாள் மேல் தாளாகத் தடித்து, ஓரம் சுருண்டு, அடியில் பழைய 20 தெரிகிறது. சாப்பிடுகிற எல்லோருடைய கண்ணும் அங்கேதான் போகும்.

2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் வாரம், முன்மேசையில் இருந்த ஓட்டோக்கார அண்ணர் பலகையைக் காட்டிக் கேட்டார்: "பணவீக்கம் குறைஞ்சிட்டுதாம், உதில எது குறைஞ்சது?" அப்போது ஜனாதிபதியாக இருந்து மறுபடியும் போட்டியிட்ட ரணில் விக்கிரமசிங்க தரப்பு சொன்ன கணக்கு பொய்யில்லை. 2022 செப்டம்பரில் 70 வீதத்தைத் தொட்ட பணவீக்கம், இரண்டு வருடத்தில் சுழியத்துக்கும் கீழே போனது. எரிபொருள் வரிசைகளும் போயின, அது பெரிய ஆறுதல். ஆனால் பணவீக்கம் இறங்கினால் விலை ஏறும் வேகம்தான் குறையும், ஏற்கெனவே ஏறிய விலையில் பெரும்பகுதி அப்படியே நிற்கும். 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 2021 நடுப்பகுதியில் 1,500 ரூபாய்க்கும் கீழே, 2022 இல் 4,900 வரை போனது, தேர்தல் நேரம் 3,690. அரசாங்கம் 4,900 இலிருந்து கணக்குப் பார்த்தது, அடுப்படியில் நிற்பவர்கள் 1,500 இலிருந்து பார்த்தார்கள். அதோடு அந்த ஜனவரியில் வற் (பெறுமதி சேர்) வரியும் 18 வீதமானது, சம்பளம் அந்தளவுக்கு ஏறவில்லை.

தேர்தலில் ரணிலுக்கு 17 வீத வாக்கு, மூன்றாம் இடம். 2019 இல் மூன்று வீதம் எடுத்த அநுர குமார திசாநாயக்கவுக்கு 42, அவர்தான் வென்றார். விலை மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், நாட்டைச் சுரண்டியவர்கள் மீதான கோபமும் பெரிது. ஆனால் அந்தக் கோபம் ஒவ்வொரு நாளும் பில் கட்டும்போது புதுப்பிக்கப்பட்டது என்பதை இந்த மேசைகளில் இருந்து நானே கேட்டேன்.

சரி, கடைக்கு வருவோம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். ஞாயிறு எட்டரைக்குப் பிறகு இடம் கிடைக்காது. கார்ட் எடுக்க மாட்டார்கள், காசு கொண்டு போங்கள். பிளேன்டீக்கு இஞ்சி போடச் சொல்லிக் கேளுங்கள், அதற்குத் தனியாகக் காசு எடுப்பதில்லை.