லூபின் மாவும் எங்கள் கௌபியும்: மணலிலும் அடுப்படியிலும்

போன மாதம் மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த்திலிருந்து வந்த மச்சான் ஒரு கிலோ லூபின் மா கொண்டுவந்தார். லூபின் என்பது அவரைக் குடும்பத்துப் பயறு ஒன்று. நல்ல மஞ்சள், பார்வைக்குக் கடலை மாவுதான். பையைத் திருப்பிப் பார்த்த அக்கா, "தம்பி, இது கச்சான் இல்லத்தானே? அப்ப மகனுக்கு ரொட்டி சுட்டுக் குடுக்கலாம்" என்றார். மருமகனுக்குக் கச்சான் ஆகாது. ஒரு கொட்டை வாயில் பட்டாலே உதடு வீங்கிவிடும். அந்த நேரத்தில் மச்சானுக்கு வேறொரு யோசனை: "அங்கயும் மணல், இஞ்சயும் மணல். இதையே இஞ்ச விதைச்சா என்ன?" இரண்டு கேள்விக்கும் பதில் தேடியதில் லூபின், கச்சான், கௌபி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தது.

முதலில் மணல். மச்சான் சொன்னது பாதி சரி. உலகிலேயே அதிகம் லூபின் விளைவது மேற்கு அவுஸ்திரேலியாவின் மணற்காடுகளில்தான். ஜோன் கிளாட்ஸ்டோன்ஸ் அங்கே உருவாக்கிய 'யூனிவைட்' இனம் 1967இல் வெளிவந்த பிறகுதான் அது அங்கே பெரிய பயிரானது. ஆனால் அங்கே அதை விதைப்பது குளிர்காலத்துக்கு. பூக்கும் நேரம் வெயில் ஏறினால் பூ கொட்டும். வேரில் தண்ணீர் நின்றால் செடி போச்சு. சுண்ணாம்பு கூடிய மண்ணும் ஒத்துவராது. எங்கள் பெரும்போகத்து மழை எப்படிப் பெய்யும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சிறுபோகத்தில் வெயில். இரண்டுக்கும் நடுவே லூபினுக்கு இடமே இல்லை.

கச்சானைப் பாருங்கள். பூத்து முடிந்ததும் ஊசிபோல ஒரு காம்பு கீழே இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காய் வைக்கிறது. இறுகிய களியில் அந்தக் காம்பு உள்ளே இறங்கப் படாத பாடு படும். கடலோர எழுவான்கரை மணலில் சுகமாக இறங்கும், பிடுங்கும்போது காய் அறுந்து மண்ணோடு போவதும் குறைவு. காய் திரள அதற்குக் கல்சியமும் வேண்டும். லூபின் முகம் சுளிக்கும் சுண்ணாம்பையே கச்சான் கேட்டு வாங்குகிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், குணம் மட்டும் நேரெதிர்.

கௌபிக்கு இந்தப் பிகு எதுவும் இல்லை. இரண்டு, இரண்டரை மாதத்தில் காய் பறிக்கலாம். வெயில் தாங்கும். நைதரசனை வேரில் பிடித்து வைக்கும் வேலையை மூன்று பயிருமே செய்கின்றன, அதற்காக வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவர வேண்டியதில்லை. வெறும் பசுந்தாள் பசளைதான் தேவை என்றால் சணல் இருக்கிறது.

ஒரேயொரு இடத்தில் எனக்கு லூபின் மேல் பொறாமை. வெள்ளை லூபினுக்குப் பொஸ்பரசு போதாமல் போனால் அதன் வேரில் போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி அடர்ந்த சிறுவேர்க் கொத்துகள் முளைக்கின்றன. அவை சிட்ரிக் அமில வகையை மண்ணில் கசியவிட்டு, மண்ணோடு கட்டுண்டு கிடக்கும் பொஸ்பரசை இளக்கி எடுக்கின்றன. 2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் கையைப் பிசைந்து நின்ற எவருக்கும் இது புரியும். எப்பாவலையில் மலையாகப் பொஸ்பேற்றுப் பாறை இருந்தும், அது சுலபத்தில் கரையாததால் நெல்லுக்கு உதவாமல் கிடக்கிறது. அப்படியொரு வேர் நம்ம பயிருக்கு வாய்த்தால்! ஆசைதான், வேறென்ன.

ஆனால் இந்தக் கெட்டித்தனத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1980 மே 18இல் அமெரிக்காவின் செயிண்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்து எல்லாம் நுரைக்கல்லாகக் கிடந்த வெளியில் முதலில் வேரூன்றியவற்றில் ஒரு குட்டி லூபின் இனமும் ஒன்று. அங்கே அது தன் சொந்த மண்ணில் நின்றது. ஐஸ்லாந்தில் மண்ணரிப்பைத் தடுக்க 1945இல் கொண்டுவந்த அலாஸ்கா லூபின் இன்று உள்ளூர்ச் செடிகளை மூடிப் படர்கிறது. நியூசிலாந்தின் ஆற்றுப் படுகைகளிலும் இதே கதை, அங்கே வேறோர் இனம். நம்ம குளங்களில் ஆற்றுவாழையைப் பார்த்தவர்களுக்கு மேலே விளக்கம் வேண்டாம்.

சரி, அடுப்படிக்கு வருவோம். புரதத்தில் லூபின் முன்னுக்குத்தான்: நூற்றுக்கு 30 முதல் 40 வரை. கச்சானும் கௌபியும் 25ஐ ஒட்டி நிற்கும். லூபினில் நார்ச்சத்து நிறைய, மாச்சத்து மிகக் குறைவு. அதனால்தானோ என்னவோ, தனி லூபின் மாவைக் குழைத்தபோது கையில் ஒட்டாமல் உதிர்ந்தது. பாதிக்குப் பாதி கோதுமை மா போட்ட பிறகுதான் ரொட்டி தட்ட முடிந்தது. லேசான பச்சைப் பயற்று வாசம், மற்றப்படி குறையில்லை.

ஆனால் அக்கா கேட்டது சத்துக் கணக்கை இல்லை. லூபினில் உள்ள ஒரு சேமிப்புப் புரதமும் கச்சானில் உள்ள ஒரு புரதமும் உருவத்தில் நெருங்கிய சொந்தம். கச்சானை எதிரியாகக் கண்டு பழகிப்போன உடம்பின் காவல்காரன், அதாவது நோயெதிர்ப்புச் சக்தி, லூபினைக் கண்டும் கம்பைத் தூக்கலாம். 1994இல் வெளியான ஒரு மருத்துவக் குறிப்பில், கச்சான் ஒவ்வாத ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று லூபின் மா கலந்த பாஸ்தா சாப்பிட்டுத் தோல் தடித்து வீங்கியது பதிவாகியிருக்கிறது. கச்சான் ஆகாத எல்லாருக்கும் இப்படி வருவதில்லை. யாருக்கு வரும் என்பது சோதிக்காமல் தெரியாது, அதுதான் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் லூபினைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருளாகச் சேர்த்தது. அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2017இல் சேர்த்தன.

"ஊறவைச்சு அவிச்சா போயிடாதா?" என்று அம்மா கேட்டார். அது வேறு விசயம். கைப்பு லூபினைப் பல நாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைப்பது அதிலுள்ள நச்சு அல்கலொயிட்டைப் போக்கத்தான். ஒவ்வாமை தரும் புரதம் ஊறலோடு கழுவிப்போகாது. வீட்டு அடுப்பில் அவித்தாலும் போய்விடும் என்று நம்ப முடியாது. கைப்பில்லாத 'இனிப்பு' லூபினிலும் அந்தப் புரதம் இருக்கவே இருக்கிறது.

கௌபியும் அவரைக் குடும்பம்தான். ஆனால் மருமகன் அதைச் சின்ன வயதிலிருந்தே சாப்பிடுகிறான், ஒன்றும் ஆனதில்லை. புதிதாக எதையும் கொடுப்பதென்றால் வைத்தியரிடம் தோல் சோதனைக்குப் பிறகுதான் என்று அக்காவும் ஒத்துக்கொண்டார்.

அன்றைக்கு லூபின் ரொட்டி மச்சானுக்கும் எனக்கும். மருமகனுக்கு வழக்கம்போல அவித்த கௌபி, மேலே தேங்காய்ப்பூ, பக்கத்தில் கட்டைச் சம்பல். ரொட்டி தட்டிய தாச்சியை அக்கா இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மிச்ச மாவை டப்பாவில் கொட்டி, 'தம்பிக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டி, மேல் தட்டில் வைத்திருக்கிறார்.